ஷவரில் கட்டியிருந்த நூல்

நள்ளிரவு தாண்டியிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவள், குளியலறைக் கதவு திறந்து கிடக்கிறதே என்று விளக்கைப் போட்டேன். ஷவரிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்நுனி வாளிக்குள் கிடந்தது. நூல் முழுக்க ஈரம். மேலே ஒரு துளி திரண்டு, கீழே விழாமல் நூலைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கியது. வாளியில் சேரும்போது சின்னச் சத்தம்கூட இல்லை. அது போய்ச் சேர்வதற்குள் மேலே அடுத்தது திரண்டுவிட்டது.

கட்டியது அம்மா. காலையில் கேட்டேன்.

“ஏம்மா, ஷவர்ல எதுக்கு நூல் கட்டியிருக்க?”

“ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டுனு சத்தம். உனக்குத் தூக்கம் கெடுமேன்னு கட்டினேன். வாளித் தண்ணிய காலைல தரை துடைக்க எடுத்துக்கறேன், வீணாப் போகல.”

எத்தனை நாளாக என்றதற்கு, “மூணு மாசம் இருக்குமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மூன்று மாதமும் நான் அவளிடம் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடும்மா.” அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். காலையில் விரல்கள் மடங்கவே அரை மணி நேரம் ஆகும். அந்தக் கையால்தான் வெந்நீர்த் திருகைத் தினமும் முடிந்தமட்டும் இறுக்கியிருக்கிறாள். வழுக்கியபோது துண்டைச் சுற்றிக்கொண்டு இறுக்கியிருக்கிறாள். அப்படியும் நிற்காததால்தான் நூல்.

அன்றைக்கே சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் முடிக்க இரண்டு வாரம் ஆனது. உண்மையான வேலை மொத்தமே மூன்று மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் பழுது எங்கே என்று தெரியாமல் போனவை. அந்த நாட்களை வேறு யாராவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, சொட்டும் இடத்தைப் பழுதான இடம் என்று நினைத்தது. தண்ணீர் ஷவர் ஹெட்டிலிருந்து வருகிறது, ஆகவே ஹெட்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். புதியதிலிருந்தும் அதே வேகத்தில் சொட்டியது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. ஷவர் ஹெட் ஓட்டைகள் போட்ட ஒரு மூடி, அவ்வளவுதான். நீரைத் தடுக்கிற வேலை அதற்குக் கிடையாது. தடுப்பது இடுப்பு உயரத்தில் சுவரோடு இருக்கும் திருகுக்குள். அங்கே வழி முழுதாக அடைபடவில்லை என்றால், நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மேலே போகும் குழாயை நிரப்பி, கடைசியில் ஹெட் வழியாக வழிகிறது. பழுது கீழே, சொட்டு மேலே.

ஷவர் சொட்டினாலே கசிவு என்றும் சொல்லிவிட முடியாது. குளித்துவிட்டு மூடியதும் ஹெட்டுக்குள்ளும் அது தொங்கும் வளைந்த குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடும். சின்னத் துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை அதைக் கீழே விடாமல் பிடித்துவைக்கிறது. ஏதாவது ஒரு துளை வழியே காற்று உள்ளே புகுந்ததும் பிடி விட்டுப்போய், தேங்கியது திடீரென்று கொட்டும். சில வீடுகளில் மூடிப் பத்து நிமிடம் கழித்துக்கூடக் கொட்டும். யாரும் தொடாமலே ஷவர் தானாக ஓடுகிறது என்று பயப்படுபவர்களும் உண்டு. அது கசிவு இல்லை, தானே நின்றுவிடும். சந்தேகம் இருந்தால், கடைசியாகக் குளித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு காய்ந்த பாத்திரம் ஒன்றைக் கீழே வையுங்கள். அதற்குப் பிறகும் அதில் துளி விழுந்தால் கசிவுதான்.

நான் அளவு போட்ட குவளை ஒன்றை ஒரு மணி நேரம் வைத்தேன். 180 மில்லி சேர்ந்திருந்தது. ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு துளி. கண்ணுக்கு அற்பம். ஆனால் ஒரு நாளுக்கு 4.3 லிட்டர், ஒரு வருடத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். எங்கள் வீட்டில் கசிந்தது வெந்நீர்ப் பக்கம் என்று பின்னால் தெரிந்தது. ஒரு லிட்டர் நீரை 35 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.04 யூனிட் மின்சாரம் ஆகும். ஹீட்டர் எப்போதும் இயங்கும் வீடாக இருந்தால், இந்த ஒரு சொட்டு வருடத்துக்கு 60 யூனிட்டைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

சரி, எந்தப் பக்கம் கசிகிறது? எங்களுடையது பழைய மாதிரி மிக்சர். இரண்டு கைப்பிடி, ஒன்று வெந்நீருக்கு, ஒன்று தண்ணீருக்கு, நடுவிலிருந்து ஷவருக்கு ஏறும் குழாய். துளியைக் கையில் பிடித்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. ஆகவே தண்ணீர்ப் பக்கம் என்று எண்ணிவிட்டேன். இது என் இரண்டாவது தவறு. நொடிக்கு ஒரு துளி வேகத்தில் போகும் வெந்நீர், ஹீட்டரிலிருந்து ஷவர் வரை வந்து சேர வெகு நேரம் எடுத்துக்கொள்கிறது. வழியிலேயே ஆறி, வெளியே வரும்போது சாதாரணத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர். படியில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். “ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு, அதுக்குத் தண்ணி போற வால்வை மூடு பாப்பா. கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னா வெந்நீர்ப் பக்கம். நிக்கலன்னா இந்தப் பக்கம். இதுக்குக் கையை வச்சுப் பார்க்கவே வேண்டாம்” என்றார். மூடினேன். துளிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கூடி, நான்காவது நிமிடம் நின்றே போனது. வெந்நீர்ப் பக்கம். அம்மா தினமும் திருகும் பக்கம்.

இன்னொன்றும் அவர் கேட்டார்: “மூடியிருக்கும்போது வாயில சொட்டுதா, இல்ல திறந்திருக்கும்போது கைப்பிடியைச் சுத்தி வழியுதா?” இரண்டும் வேறு வேறு நோய். மூடிய நிலையில் வாயில் சொட்டினால், உள்ளே நீரை அடைக்கும் வாஷரோ அது உட்காரும் இடமோ போயிருக்கிறது. திறந்து ஓடும்போது கைப்பிடியின் அடியில் நீர் தலைகாட்டினால், கைப்பிடியோடு சுழலும் தண்டைச் சுற்றி நீரை அடைக்கும் ரப்பர் வளையமோ (ஓ-ரிங்) திணிப்போ (பேக்கிங்) போயிருக்கிறது. முதலாவதற்கு எவ்வளவு ஓ-ரிங் மாற்றினாலும் பயனில்லை, இரண்டாவதற்கு எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது.

திறக்கும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பல சுற்றுத் திருகி மூடும் குழாய்களில், பித்தளைத் தண்டு ஒன்று மரை வழியே கீழே இறங்குகிறது. அதன் நுனியில் ரப்பர் வாஷர். உடலுக்குள் ஒரு வட்ட விளிம்பு, அதன் நடுவே நீர் ஏறிவரும் துளை. வாஷர் அந்த விளிம்பின் மேல் அமர்ந்ததும் நீர் நிற்கிறது. இதற்கு முன்பிருந்த குழாய்களில் துளை போட்ட கூம்பு அடைப்பான் ஒன்று கால் சுற்றில் திரும்பித் திறக்கும், மூடும். அழுத்தம் கூடிய நகரக் குழாய்களில் அப்படிச் சட்டென்று மூடினால் தண்ணீர் சம்மட்டி மாதிரி இடிக்கும். மெதுவாக இறங்கி மூடும் இந்தத் திருகுக் குழாய்க்கு 1845 இல் இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பகம் காப்புரிமை பெற்றது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழாய்களுக்குள் இருப்பது அடிப்படையில் இதே ஏற்பாடுதான்.

இந்த ஏற்பாட்டில் வாஷரை எவ்வளவு அழுத்த வேண்டும்? துளை 12 மில்லிமீட்டர் அகலம், நீரின் அழுத்தம் 3 பார் (30 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம்) என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து நீர் வாஷரைத் தள்ளும் விசை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். 10 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். மரை இருப்பதால் கையின் சிறு திருப்பமே இதைப் போலப் பல மடங்கு அழுத்தம் தரும். நீரை நிறுத்த அவ்வளவு போதும். அதற்கு மேல் நாம் கொடுக்கிற பலமெல்லாம் ரப்பரைத்தான் நசுக்குகிறது. நசுங்கிய ரப்பரில் விளிம்பின் தடம் பள்ளமாக விழுகிறது, நாளடைவில் ரப்பர் கெட்டிப்படுகிறது, வெந்நீர்ப் பக்கம் இன்னும் சீக்கிரம். கெட்டிப்பட்டது விளிம்போடு ஒட்டி உட்காராமல் எங்கோ ஒரு முடி அளவு இடைவெளி விடுகிறது. சொட்டு ஆரம்பம். நாம் இன்னும் இறுக்குகிறோம்.

“நீ இறுக்குறது குழாயை இல்ல பாப்பா, வாஷரை அரைக்கிற” என்று பெரியவர் சொன்னபோது, துண்டைச் சுற்றிக்கொண்டு திருகிய அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. அவளை இறுக்கச் சொன்னது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். ஹீட்டரின் சுவிட்சை அணைத்து, வீட்டுக்கு வரும் பிரதான வால்வை மூடி, மிக்சரின் இரண்டு கைப்பிடியையும் திறந்து குழாயில் நின்ற நீரை வடியவிட்டேன். மிக்சரில் வெந்நீரும் தண்ணீரும் ஒரே அறையில் சந்திப்பதால், ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கத்து நீர் இந்தப் பக்கம் வந்து முகத்தில் பீய்ச்சும். இரண்டையும் நிறுத்துவது அவசியம். பிறகு தரையில் இருக்கும் வடிகால் துளையின் மேல் ஒரு பழைய துணியை விரித்தேன். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் திருகு உளுந்து அளவுதான் இருக்கும். தவறி விழுந்தால் நேராக அங்கேதான் உருளும்.

கைப்பிடியின் முகத்தில் சிவப்புப் புள்ளி போட்ட சின்ன மூடி. கத்தி நுனியால் நெம்பியதும் வந்தது. உள்ளே இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை நேராக இழுத்தேன். அசையவில்லை. தண்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சுண்ணாம்புப் படிவு வெள்ளையாக இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டலாம் என்று கை போனது, நல்லவேளை தட்டவில்லை. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தேன். அந்தப் படிவு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் சின்னச் சின்னக் குமிழி விட்டுக் கரையும். நீண்ட நேரம் விட்டால் குரோம் பூச்சின் பளபளப்பு போகும், அதனால் அரை மணி போதும். பிறகு இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி இழுத்ததில் கழன்றது.

அடுத்தது அலங்கார மூடி, அதற்குக் கீழே தண்டையும் வாஷரையும் தாங்கும் ஆறு பட்டைப் பித்தளைத் தலை. இங்கே இரண்டு விஷயம். தலையைக் கழற்றும் முன் தண்டை அரைச் சுற்றுத் திறந்துவைக்க வேண்டும். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் விளிம்பில் அழுந்திக்கொண்டே சுற்றி, இரண்டையும் கீறும். இன்னொன்று, ஒரு ஸ்பானரோடு வேலையை ஆரம்பிக்கக் கூடாது. ஒன்றால் தலையைத் திருப்பும்போது, துணி சுற்றிய இன்னொன்றால் மிக்சரின் உடலை அசையாமல் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நம் பலம் முழுக்கச் சுவருக்குள் இருக்கும் குழாய்க்குப் போகும். உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருந்து, அதன் முழங்கை இணைப்பு விரிந்துவிட்டால், சொட்டு போய்ச் சுவரை உடைக்கும் வேலை வந்துவிடும். வெளியில் தெரியாமல் சுவருக்குள் கசியும் நீர் இதைவிடப் பல மடங்கு கெடுதல்.

வாஷர் வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு வட்டம், நடுவில் துளை. மேற்பரப்பில் கம்பியால் சூடு போட்ட மாதிரி வட்டப் பள்ளம். ஓரிடத்தில் பள்ளம் ஆழமாகி விளிம்பே பிய்ந்திருந்தது. நகத்தால் அழுத்தினேன், அழுந்தவில்லை. ரப்பராக இருந்தது பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகியிருந்தது. இதோ கிடைத்துவிட்டது என்று புது வாஷர் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, வால்வைத் திறந்தேன். இரண்டு நாள் சொட்டில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் சொட்டு. நூலை அம்மா மீண்டும் கட்டியிருந்தாள், என்னிடம் ஒன்றும் சொல்லாமல்.

இந்த முறை பெரியவரையே மேலே அழைத்து வந்தேன். தலையைக் கழற்றியதும் அவர் வாஷரைப் பார்க்கவே இல்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டு விளிம்பைத் தடவினார். “நீ தொட்டுப் பாரு” என்றார். வழுவழுவென்று ஓடிய விரல் ஓரிடத்தில் தட்டியது. நகக்கண் அகலத்தில் சின்னப் பள்ளம். டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் தெரியும், பித்தளையில் ஓர் ஓடை மாதிரி. அழுத்தத்தோடு ஒரு முடி அளவு இடைவெளியில் பீறிடும் நீர், நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஓடினால் உலோகத்தையே அறுத்துவிடுகிறது. மூன்று மாதச் சொட்டு செய்த வேலை அது. அதன் மேல் எந்தப் புது வாஷர் வைத்தாலும், பள்ளத்தின் வழியே நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். புது ரப்பர் மென்மையாக இருந்து பள்ளத்தை அடைத்த இரண்டு நாள் மட்டும் நின்றிருக்கிறது.

“வாஷர் தேயறது இயல்பும்மா. அது உட்கார்ற இந்த விளிம்பு, சீட்டு, தேயறது நாம கவனிக்காததால” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. வெகுகாலம் பார்த்துப் பார்த்துச் சலிக்காத ஒருவரின் நிதானம்.

அந்த விளிம்பைச் சமப்படுத்த ஒரு கைக்கருவி இருக்கிறது. அடியில் பல் வைத்த வட்டத் தகடு, மேலே திருப்பும் பிடி, நேராக நிற்பதற்காக உடலின் மரையிலேயே பூட்டிக்கொள்ளும் கூம்பு. அவருடைய பழைய மரப்பெட்டியில் இருந்து எடுத்துத் தந்தார். மூன்று நான்கு சுற்று, லேசான அழுத்தம், எடுத்துத் துடைத்துப் பார், மறுபடியும் இரண்டு சுற்று. அதிகமாக அரைத்தால் விளிம்பே இல்லாமல் போய்விடும். பொன் நிறத்தில் பித்தளைத் துகள்கள் துணியில் ஒட்டின. ஆறாவது முறை தடவியபோது விரல் எங்கும் தட்டவில்லை. வெறும் அரை மணி நேர வேலை. ஆனால் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த அரை மணி நேரம் அதுதான். எங்கோ உள்ளே, கண்ணுக்குப் படாத இடத்தில், விரல் நுனி மட்டும் அறிகிற ஒரு பழுதைச் சரிசெய்கிற நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

விளிம்பைச் சமன் செய்தவுடன் புது ரப்பர் வாஷர் போட்டே முடித்திருக்கலாம். அம்மாவின் கையை நினைத்து வேறு முடிவெடுத்தேன். அதே உடலில், பழைய தண்டுக்குப் பதிலாகப் பூட்டக்கூடிய கால் சுற்றுத் தலைகள் கிடைக்கின்றன. அவற்றுக்குள் அலுமினியம் ஆக்சைடால் ஆன இரண்டு பீங்கான் வட்டுகள், முகம் பார்க்கும் அளவு மெருகு ஏற்றியவை. ஒன்று அசையாது, மற்றது தண்டோடு சுழலும். துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது நீர் ஓடும், 90 டிகிரி திரும்பினால் நிற்கும். நசுக்குவதற்கு அங்கே எதுவும் இல்லாததால் பலம் தேவையில்லை. நீளமான நெம்புகோல் கைப்பிடி போட்டால் மணிக்கட்டால் தள்ளியே மூடிவிடலாம்.

பீங்கான் வட்டு தேயவே தேயாது என்று சொல்வார்கள். பாதி உண்மை. கடினத்தன்மையில் அலுமினியம் ஆக்சைடு மோஸ் அளவுகோலில் 9, மணல் 7. மணல் அதைச் சுலபத்தில் கீற முடியாது. ஆனால் துகள் ஒன்று இரண்டு வட்டுக்கும் நடுவே சிக்கினால் அவற்றைப் பிரித்து நிறுத்தும், ஓரத்தைச் சில்லு பெயர்க்கும். இந்த வகைக் குழாய்கள் சொட்டும்போது பெரும்பாலும் வட்டு நன்றாகவே இருக்கும். தலையின் அடியில், விளிம்போடு சேரும் ரப்பர் வளையம்தான் போயிருக்கும். அந்த வளையமும் அதே பித்தளை விளிம்பின் மேல்தான் உட்காருகிறது. ஆகவே பள்ளத்தைச் சரிசெய்யாமல் பீங்கான் தலையைப் போட்டிருந்தாலும் எங்கள் ஷவர் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வாங்கும்போது பழைய தலையைக் கையோடு எடுத்துப் போங்கள். நினைவிலிருந்து அளவு சொல்லாதீர்கள். மரை அளவு ஒத்துப்போக வேண்டும், உயரம் ஒத்துப்போக வேண்டும், கைப்பிடி மாட்டும் இடத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். 20 பல், 24 பல் இரண்டும் உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடிகார முள் திசையில் மூடுவது, எதிர்த் திசையில் மூடுவது என்றும் இரண்டு வகை. இரண்டு நெம்புகோலும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பினால் பார்க்க அழகாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். நான் இரண்டையும் கடிகாரத் திசையில் மூடுவதாகவே வாங்கினேன். வாழ்நாள் முழுக்க அந்தத் திசையில் மூடிப் பழகிய கை அம்மாவுடையது. சோப்பு நுரையோடு கண்ணை மூடியிருக்கும்போது அந்தக் கைக்கு யோசிக்க எதுவும் இருக்கக் கூடாது, அதுவும் வெந்நீர்ப் பக்கத்தில்.

ஒற்றை நெம்புகோல் மிக்சரைப் பற்றியும் யோசித்தேன். 1937 இல், மாணவராக இருந்த ஆல் மோயன் என்ற அமெரிக்கர், இரட்டைக் கைப்பிடிக் குழாயில் கை கழுவும்போது திடீரென்று சுடுநீர் பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஒரே பிடியில் சூட்டையும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் குழாய். 1947 இல் விற்பனைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. அதில் சொட்டு வந்தால் உள்ளே நீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜை அப்படியே மாற்றிவிடலாம். 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் அளவுகள்தான் அதிகம் புழங்குகின்றன. ஆனால் உடல் நன்றாக இருக்கும் ஒரு மிக்சரைக் கழற்றி எறிய எனக்கு மனம் வரவில்லை.

உடல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தலையைக் கழற்றிய பிறகு உள்ளே பாருங்கள். பித்தளை மஞ்சளாக இருக்க வேண்டும். அங்கங்கே செம்பு நிறத் திட்டுகள் தெரிந்து, குத்தினால் பொருபொருவென்று இருந்தால், கலவையிலிருந்த துத்தநாகம் நீரோடு போய்விட்டது என்று பொருள். அந்த உடல் இனி தாங்காது. வெடிப்பு இருந்தாலும், தலை பூட்டும் மரை தேய்ந்து வழுக்கினாலும் அப்படித்தான். அப்போது முழு மிக்சரையும் மாற்றுவதுதான் சரி. சுவரில் இருக்கும் இரண்டு வாய்களுக்கும் நடு இடைவெளி பொதுவாக 150 மில்லிமீட்டர். சற்று முன்பின் இருந்தால் புது மிக்சரோடு வரும் வளைந்த இணைப்புகளைத் திருப்பிச் சரிக்கட்டலாம். மாற்றும் வேலை பழக்கமில்லாதவர்கள் அந்த இடத்தில் ஒரு பிளம்பரை அழைப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் பிசகினால் பிசகுவது சுவருக்குள்.

ஷவர் ஹெட்டை நான் வீணாக மாற்றியபோது கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், குழாய் மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் திசை. மரையின் வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். எதிராகச் சுற்றினால், பூட்டும்போது டேப் மரையிலிருந்து பிரிந்து சுருண்டுவிடும். இழுத்துப் பிடித்து, மரைக்குள் பதியும்படி, மெல்லிய டேப் என்றால் ஐந்தாறு சுற்று. அது பசை கிடையாது, ஒட்டுவதில்லை. மரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்கிறது, வழுக்கிக்கொண்டு உள்ளே போக உதவுகிறது. 1938 இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிரூட்டும் வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது சிலிண்டருக்குள் எதிர்பாராமல் கண்ட வெள்ளைப் பொடிதான் இந்தப் பொருள். வாஷரோ ரப்பர் வளையமோ அடைக்கும் இணைப்புகளுக்கு இதைச் சுற்றத் தேவையில்லை. சுற்றினால் வளையம் சரியாக உட்காராமல் கெடுதலே செய்யும்.

புதுத் தலைகளைப் பூட்டும் முன், பிரதான வால்வைச் சில நொடி மட்டும் திறந்து, மிக்சரின் திறந்த வாயில் துணியைப் பிடித்துக்கொண்டு நீரைப் பாயவிட்டோம். துணியில் மண் நிறத் துகள்கள், சுண்ணாம்புச் செதில்கள், கொஞ்சம் பித்தளைத் தூள். அத்தனையும் பீங்கானுக்கு நடுவே போயிருக்கும். ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் துளியூண்டு தடவினேன். கையில் கிடைக்கிறது என்று வாசலின் தடவக் கூடாது. பெட்ரோலிய வகைக் கொழுப்பு பட்டால் இந்த ரப்பர்களில் பல ஊறிப் பெருத்துவிடும். தலையைத் திறந்த நிலையில் வைத்து, முதலில் கையாலேயே கடைசி வரை திருகி, பிறகு ஸ்பானரால் சற்றே இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கத்தான் கை துடித்தது. பெரியவர் என் மணிக்கட்டின் மேல் விரலை வைத்து, “போதும்” என்றார்.

வால்வை மெல்லத் திறந்தோம். குழாயில் நின்ற காற்று இருமிக்கொண்டு வெளியேறியது, பிறகு நீர் சீராக வந்தது. வெந்நீர்ப் பக்கத்திலும் நீர் தடையில்லாமல் ஓடுகிறது என்று பார்த்த பிறகே ஹீட்டரின் சுவிட்சைப் போட்டேன். ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டேன். தாளில் ஈரம் கண்ணைவிடச் சீக்கிரம் தெரியும். எதிலும் ஈரமில்லை. பழைய தலை, பிய்ந்த வாஷர், புதுத் தலை வந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதியும் பற்களின் எண்ணிக்கையும் மூடும் திசையும் எழுதிவைத்தேன். அடுத்த முறை பழுதாகும்போது இதைத் தேடி யாரும் அலைய வேண்டாம்.

அன்று மாலை அம்மா குளிக்கப் போனாள். கதவுக்கு வெளியே நின்றேன். நீர் ஓடும் சத்தம், பிறகு சட்டென்று நின்றது. பழைய திருகில் மூடும்போது தேய்ந்து தேய்ந்து அடங்கும் சத்தம் எனக்கு மனப்பாடம். இது ஒரே வெட்டில் நின்றது. “மூடிட்டியாம்மா?” என்று கேட்டேன். “மூடிட்டேனா, இல்லையான்னு எனக்கே தெரியல. கை பட்டதும் நின்னுடுச்சு” என்றாள் உள்ளேயிருந்து. அவள் குரலில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

ஒரு வாரம் வாளியைத் தினமும் காலையில் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. எட்டாம் நாள் அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறப் போனாள். நானே ஏறி அந்த நூலை அவிழ்த்துக் கொடுத்தேன். சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தது. விரலில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அலமாரியில் வைத்தாள்.

“இன்னும் எதுக்கும்மா அது?”

“கை கழுவற குழாய் ரெண்டு நாளா சொட்டுது. நீ அலுத்துப்போயிருப்பேன்னு சொல்லல.”

நூலை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, பெரியவரிடம் ஸ்பானர் வாங்கக் கீழே போனேன்.